ரேஷன் கார்டு இல்லாத வீடு

கண்ணு,

உன் பெரிய பெட்டியில், ஸ்வெட்டர்களுக்கு அடியில் இதை வைக்கப்போகிறேன். அங்கே போய் இறங்கி, குளிர் தாங்காமல் ஸ்வெட்டரைத் தேடும்போது கையில் தட்டுப்படும். இதை ஏன் நேரில் சொல்லவில்லை என்று கோபப்படுவாய். நேரில் சொன்னால் குறுக்கே பேசுவாய். போனில் சொன்னால் "சிக்னல் கட் ஆவுதும்மா" என்று வைத்துவிடுவாய்; உன் வண்டவாளம் எனக்குத் தெரியாதா? கடிதம் என்றால் கடைசி வரிவரை நான்தான் பேசுவேன். உன் அப்பாவிடமும் சொல்லவில்லை. கிளம்புகிற பெண்ணின் மனசை எதற்குக் கெடுக்கிறாய் என்பார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

காட்பாடியில் உன் ஜெர்மன் கிளாஸ் முடிகிற சமயத்தில், அந்த நாட்டுக்கு வேலைக்குப் போகிற நர்சுகளுக்கு என்னென்ன உரிமை உண்டு என்று ஒரு நாள் முழுக்கச் சொல்லிக்கொடுத்தார்களே, அன்று சாயங்காலம் நீ வீட்டுக்குள் நுழைந்த வேகம் இன்னும் என் கண்ணிலேயே இருக்கிறது. தோளிலிருந்து பையைக்கூட இறக்கவில்லை. "உடம்பு சரியில்லன்னு லீவு போட்டா சம்பளத்துல கைவைக்க மாட்டாங்களாம்பா. டூட்டி முடிஞ்சப்புறம் நிக்கச் சொன்னா முடியாதுன்னு சொல்லலாமாம். எதுனா தப்பா நடந்தா போய்ச் சொல்றதுக்குன்னே தனியா ஆபீஸ் இருக்குதாம்" என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தாய். வாட்ச்மேன் சட்டையைப் போட்டுக்கொண்டு டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த உன் அப்பா அப்படியே உட்கார்ந்துவிட்டார். "நீ அந்த ஊர்க்காரி இல்லியே, உனக்குமா அதெல்லாம்?" என்று கேட்டார். "வேலை செய்யறவங்க எல்லாருக்கும் ஒண்ணுதாம்பா. எந்த ஊர்ல இருந்து வந்தா இன்னா?" என்றாய். அதைச் சொல்லும்போது உன் முகத்தில் இருந்த சந்தோஷம் என் வயிற்றில் பாலை வார்த்தது. பெற்றவளுக்கு வேறென்ன வேண்டும்? ஆனால் அந்த நிமிஷமே எனக்கு சுனிதாவின் ஞாபகம் வந்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். நீ ஊரைவிட்டுப் போகிறாய் என்று அழுகிறேன் என நினைத்து, பின்னாலேயே வந்து கட்டிக்கொண்டாய். அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

சுனிதாவை நீ மறந்திருக்க மாட்டாய். ஆனால் அவள் பெயரை உன் வாயால் கேட்டு வருஷக்கணக்காகிறது. அதனால் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்கிறேன், உனக்குத் தெரிந்ததையும் சேர்த்து. தெரிந்த விஷயத்தை இன்னொருவர் சொல்லக் கேட்கும்போது அது வேறு மாதிரி இருக்கும்.

அதற்கு முன்னால் என் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் ஒன்றும் ஊருக்கு நியாயம் பேசுகிறவள் இல்லை. வடக்கே இருந்து வந்தவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிந்தது. இன்றைக்கும் சில நாள் எரிகிறது. உன் அப்பா தோல் பதனிடுகிற டேனரியில், சுண்ணாம்புத் தொட்டியில் நின்று தோல் புரட்டிக் கால் வெந்தவர். ராத்திரியானால் தேங்காய் எண்ணெய் தடவித் தடவி என் கையே ஊறிப்போயிருக்கும். அவரும் அவர் கூட்டாளிகளும் கூலியை ஏற்றிக் கேட்டார்கள் என்பதற்காக டேனரிக்காரர் ஒரு காண்ட்ராக்டரைப் பிடித்து பீகாரிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார். உன் அப்பா வேலை போய் வெளியே வந்தார். தப்பு முதலாளிமேல், காண்ட்ராக்டர்மேல். எனக்கும் தெரியும். ஆனால் முதலாளியையும் காண்ட்ராக்டரையும் நாம் தெருவில் பார்ப்பதில்லை. காலையில் சைக்கிளில் போகிற அந்தப் பையன்களைத்தான் பார்க்கிறோம். ஷூ கம்பெனியில் என் லைனில் மேல்தோல் தைக்க ஒடிசாப் பெண் ஒருத்தி வந்து சேர்ந்தபோது, மிஷினில் ஊசி மாற்றுவதைக்கூட நான் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. "தானா கத்துக்கட்டும்" என்று விட்டேன். அப்படிப்பட்டவள்தான் இதை எழுதுகிறேன். உன்னைவிட ஒரு படி மேலே நின்று பேசுவதாக நினைத்துவிடாதே.

நீ நர்சிங் மூன்றாம் வருஷம் படிக்கும்போது, கம்யூனிட்டி போஸ்டிங் என்று சொல்லி உங்கள் செட்டை நம் ஏரியாவுக்கே அனுப்பினார்கள். கம்பெனியில் ஆர்டர் இல்லையென்று எங்களை வீட்டில் உட்காரவைத்திருந்த சமயம் அது. அதனால் உனக்கும் உன்னோடு படித்த ஜெனிஃபருக்கும் நெமிலிப் பையன் சதீஷுக்கும் மத்தியானச் சாப்பாடு நம் வீட்டில்தான். ஆளுக்கு ஒரு குடும்பத்தைத் தேர்ந்தெடுத்து, போஸ்டிங் முடிகிறவரை திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்க வேண்டும். யாருக்கு என்ன நோய், என்ன சாப்பிடுகிறார்கள், எப்படித் தேறினார்கள் என்று கடைசியில் மேடம் முன்னால் நின்று சொல்ல வேண்டும். நடுவில் அந்தக் குடும்பம் இடம் மாறிவிட்டால் செய்ததெல்லாம் வீண், வேறொரு குடும்பத்தோடு முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதனால் சீனியர்கள் ஜூனியர்களுக்குக் காதோடு சொல்லிவைக்கிற யோசனை ஒன்று உண்டு என்று நீங்கள்தான் சிரித்துக்கொண்டே சொன்னீர்கள். சொந்த வீடா, ரேஷன் கார்டு இருக்கிறதா, வீட்டில் ஒரு சர்க்கரை வியாதிக்காரர் இருக்கிறாரா என்று பார்த்து எடுத்தால் பேஜார் இல்லை. டேனரிக்குப் பின்னால் வடக்கே இருந்து வந்தவர்கள் வரிசையாகத் தங்கியிருக்கிற லைன் ரூம் பக்கம் மட்டும் தலைவைத்துப் படுக்கக் கூடாது. அங்கே இருக்கிறவர்கள் இன்றைக்கு இருப்பார்கள், நாளைக்கு இருக்க மாட்டார்கள்.

"அப்போ அந்த ஜனங்கள யாரு பாப்பாங்க?" என்று கேட்டேன். அக்கறையில் கேட்கவில்லை, உங்கள் வாயைக் கிளறத்தான் கேட்டேன். சதீஷ் சாதத்தைப் பிசைந்துகொண்டே, "ஆஸ்பத்திரிக்கு வந்துட்டா எல்லாரும் ஒண்ணுதான் ஆன்ட்டி. பெட்ல படுத்துட்டா பீகாரா வாலாஜாவான்னு நாங்க பாக்க மாட்டோம். அது அவங்க உரிமை. ஆனா வீடு தேடிப் போய்ப் பாக்கறதெல்லாம் இங்கயே இருக்கறவங்களுக்குத்தான். அவங்களுக்கு ஓட்டு இங்க இல்ல, கார்டு இங்க இல்ல. நம்ம ஜனத்துக்கே ஊசி மருந்து கம்மியா வருது" என்றான். ஜெனிஃபருக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்க சித்தி குவைத்துல வீட்டு வேலை செய்யறாங்க. பல்லு வலின்னாகூட டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போவ மாட்டேன்றாங்க. அதுக்கு எங்க வீடே உக்காந்து அழுவுது. இங்க மட்டும் நாம வேற மாதிரி பேசலாமா?" என்றாள். நன்றாகத்தான் சொன்னாள். அப்புறம் கையைக் கழுவிக்கொண்டு போய், தபால் ஆபீஸ் தெருவில் சொந்த வீட்டுக்காரர் ஒருவருடைய குடும்பத்தை எடுத்துக்கொண்டாள். "நீ இன்னாடி சொல்ற?" என்று உன்னைக் கேட்டேன். "உரிமையெல்லாம் புக்ல இருக்குதும்மா, பரீட்சையில நானே எழுதியிருக்கேன். லைன் ரூமுக்கு நான் போறேன், எனக்குத்தான் அவங்க பேசறது புரியுமே" என்றாய். பக்கத்து வீட்டு மும்தாஜ் அக்காவிடம் சின்ன வயசிலிருந்து உருது பேசிப் பழகியது உனக்குக் கைகொடுத்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, பொய் சொல்வானேன்.

அப்படித்தான் சுனிதா உன் பொறுப்புக்கு வந்தாள். அவள் புருஷன் தினேஷுக்கு, உன் அப்பா நின்ற அதே சுண்ணாம்புத் தொட்டியில் வேலை. அவளுக்கு உன் வயசுகூட இருக்காது. வயிற்றில் முதல் பிள்ளை. நீ முதல் தடவை போய்ப் பார்த்துவிட்டு, வெயிலாக இருக்கிறது என்று அவளை நம் வீட்டுக்கே கூட்டிவந்து மோர் கொடுத்தாய். சுவரோரமாகக் காலை நீட்டி உட்கார்ந்து, வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தாள். கொலுசு வீங்கின காலில் பதிந்துகிடந்ததை நான்கூடக் கவனித்தேன். அவள் போனதும், "பிரஷர் ஜாஸ்தியா இருக்குதும்மா. கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு சொன்னேன். கார்டு இல்லாம போனா திட்டி அனுப்பிடுவாங்கன்னு பயப்படறா. கேட்டு வாங்கறதுக்கு உனக்கு உரிமை இருக்குது, அடுத்த தடவை வந்து நானே உன்ன கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்கேன்" என்றாய். அன்றைக்கு நீ பேசினதைக் கேட்டபோது, இவளைப் படிக்கவைத்தது வீண்போகவில்லை என்று எனக்குத் தோன்றியது.

அடுத்த தடவை நீ போனபோது அந்த அறை பூட்டிக் கிடந்தது. காண்ட்ராக்டர் ஒரே சாயங்காலத்தில் அந்த வரிசையைக் காலிசெய்து, ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், பால்வாடிக்குப் பின்னால் இருந்த ஷெட்டுக்கு எல்லோரையும் மாற்றியிருந்தான். உனக்கு அது தெரியாது. பக்கத்தில் விசாரித்தாய், காலி பண்ணிவிட்டுப் போய்விட்டார்கள் என்றார்கள். மேடமும், நாள் கம்மியாக இருக்கிறது, வேறு குடும்பத்தை எடு என்று சொல்லிவிட்டார். நீ ரிட்டயர்டு வாத்தியார் ஒருவருடைய வீட்டை எடுத்தாய். அவருக்குச் சர்க்கரை, அவர் மனைவிக்கு முட்டிவலி. சொந்த வீடு, வாசலில் முருங்கை மரம். போகும்போதெல்லாம் உனக்குக் காப்பி கிடைத்தது.

நீ அந்த வாத்தியார் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த நாட்களில்தான் நான் சுனிதாவை மாவு மிஷினில் பார்த்தேன். முகம் ஊதியிருந்தது. கண்ணை இடுக்கி இடுக்கி என்னைப் பார்த்து, அடையாளம் தெரிந்ததும் சிரித்தாள். "தீதீ?" என்றாள், அக்கா எங்கே என்று உன்னைத்தான் கேட்டாள். பால்வாடிப் பக்கம் கையைக் காட்டி, அங்கே இருப்பதாகச் சொன்னாள். நீ சாப்பிட உட்கார்ந்தபோது உன்னிடம் சொன்னேன். "அந்தப் பொண்ணு எங்கியும் போவலடி. பால்வாடி பின்னாடிதான் இருக்குது. மூஞ்செல்லாம் வீங்கிப்போயிருக்குது" என்றேன். நீ தட்டிலிருந்து தலையைத் தூக்கினாய். "அது இப்ப என் கேஸ் இல்லம்மா. வாத்தியார் வீட்டு வேலையவே இப்பத்தான் பாதி முடிச்சிருக்கேன். அந்த ஏரியா நர்ஸம்மாகிட்ட சொல்லிடறேன், அவங்க பாத்துப்பாங்க" என்றாய். நீ சொல்லவும் சொன்னாய், அது எனக்குத் தெரியும். காலேஜ் பிள்ளைகள்தான் லைன் ரூமையெல்லாம் பார்க்கிறார்களே என்று நர்ஸம்மா இருந்துவிட்டார். நானும்தான் போகவில்லை. என் மாவு அரைபட்டதும் டப்பாவை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வாத்தியார் குடும்பத்தைப் பற்றி நீ பேசினதை மேடம் எல்லோர் முன்னாலும் பாராட்டினார். போஸ்டிங் முடிந்து பிரசவ வார்டுக்கு மாறினாய். அங்கேதான் தினேஷ் அவளை ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்தான். வழியெல்லாம் வலிப்பு. "கண்ணே திறக்கலம்மா. பேரு இன்னான்னு கேட்டாங்க, அவருக்கு பேச்சே வரல. நான்தான் சொன்னேன்" என்று பிறகு என்னிடம் சொன்னாய். ஆபரேஷன் செய்து ஆண் பிள்ளையை உயிரோடு எடுத்தார்கள். டூட்டி முடிந்தும் நீயும் ஜெனிஃபரும் வீட்டுக்கு வரவில்லை. சதீஷ் ஓடிவந்து ரத்தம் கொடுத்தான். பெட்டில் படுத்த பிறகு அவளை பீகார் என்று யாரும் பார்க்கவில்லை. அந்தப் பையன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். மறுநாள் காலையில் அவள் போய்விட்டாள். நீ வீட்டுக்கு வந்து, யூனிபார்மோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, "எங்க சைடுல ஒரு குறையும் வைக்கலம்மா" என்றாய். ஆமாம் கண்ணு என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை. அதற்கப்புறம் அந்தப் பேச்சையே நீ எடுக்கவில்லை. ஜெனிஃபரும் சதீஷும் வீட்டுக்கு வந்தாலும், மூன்று பேரும் வேறு எதையெதையோ பேசிச் சிரித்துவிட்டுப் போனீர்கள்.

இத்தனை வருஷமாக இதையே போட்டுக் குழப்பிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் மூன்று பேரும் கெட்ட பிள்ளைகள் இல்லை. அப்படி இருந்தால் எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருக்காது, திட்டித் தீர்த்துவிட்டு வேலையைப் பார்த்திருப்பேன். உரிமை என்றால், அவனவன் ஆஸ்பத்திரி வாசல்வரை தூக்கிக்கொண்டு வந்து காட்ட வேண்டியது என்று நினைத்தீர்கள். கொண்டுவந்துவிட்டால் உயிரைக் கொடுத்துப் பார்ப்பீர்கள். கொண்டுவர வழி தெரியாதவளை, நாளைக்கு இங்கே இருப்பாளா என்று பார்த்துத் தள்ளிவிட்டீர்கள். அவளை ஒரே இடத்தில் இருக்கவிடாதது காண்ட்ராக்டர். காலேஜில் போட்ட விதியும் அவளுக்கு எதிராகவே முடிந்தது. எல்லோரும் தங்கள் தங்கள் வேலையைச் சரியாகத்தான் செய்தோம். எனக்கு அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

இப்போது நீ போகிறாய். உன் பெயரைச் சரியாகச் சொல்ல வராத ஜனங்களுக்கு நடுவில் இருக்கப்போகிறாய். கிளாஸில் சொன்ன உரிமையெல்லாம் அங்கே உண்மையாகவே இருக்கும், நான் நம்புகிறேன். ஆனால் உடம்பு முடியாத நாளில், அந்த ஆபீஸ் எந்தத் தெருவில் இருக்கிறது என்று யாராவது வந்து சொல்வார்களா? உன்னைப் பார்த்தாலும் சிலருக்கு வயிறு எரியும், கண்ணு. எனக்கு எரிந்ததே, அதே மாதிரி. தங்கள் வீட்டு ஆளின் வேலையை இவள் பிடுங்கிக்கொண்டாள் என்று நினைப்பார்கள். அவர்களிடம் சண்டைக்குப் போகாதே, அதற்காகத் தலையையும் குனியாதே. கேட்க வேண்டியதை வாய்விட்டுக் கேள். உனக்கு முன்னால் வந்து, மொழி தெரியாமல் கண்ணை இடுக்கிப் பார்க்கிற நோயாளி யாராவது இருந்தால், அவர்கள் உன் கையை விட்டு வேறொருவர் கைக்குப் போன பிறகும் இன்னொரு தடவை போய்ப் பார். யாரும் பாராட்ட மாட்டார்கள். உன் மேலே இருக்கிறவர் திட்டினாலும் திட்டலாம். அப்படியும் போய்ப் பார்.

தினேஷ் ஊருக்கே போய்விட்டான் என்று நீ நினைத்துக்கொண்டிருப்பாய். பிள்ளையைக் கொண்டுபோய் அவன் அம்மாவிடம் விட்டுவிட்டு, திரும்பி வந்துவிட்டான். இங்கேதான் இருக்கிறான், அதே தொட்டியில். நீ ஒரு நாள் கேட்பாய், அப்போது சொல்லலாம் என்று காத்திருந்தேன். நீ கேட்கவே இல்லை. ஆரம்பத்தில், உன்னைத் திட்டுவானோ என்று பயந்து அவனைக் கண்டால் நான் தெரு மாறிப் போவேன். ஒரு நாள் கடையில் மாட்டிக்கொண்டேன். இப்போது தமிழ் நன்றாகப் பேசுகிறான். "நர்ஸ் பாப்பா நல்லா இருக்குதாம்மா? எங்க ரூமுக்குள்ள வந்து கீழ உக்காந்து பேசினது அது ஒண்ணுதான்" என்றான். அதற்குப் பதிலாக அவன் என்னை அறைந்திருக்கலாம். அதிலிருந்து பார்க்கும்போதெல்லாம் உன்னை விசாரிக்காமல் விடுவதில்லை. நீ கிளம்புவதற்கு முன்னால் ஒரு தடவை போய் அவனைப் பார்த்துவிட்டு வா என்று சொல்லலாமா என எத்தனையோ தடவை வாயெடுத்தேன். "டைம் இல்லம்மா" என்று நீ சொல்லிவிடுவாயோ என்று பயமாக இருந்தது. அதைக் கேட்டுவிட்டு உன்னை விமானம் ஏற்றி அனுப்ப என்னால் முடியாது. அதனால்தான் இது பெட்டிக்குள் போகிறது.

நேற்று பால் வாங்கப் போனபோது நின்றிருந்தான். வழக்கம்போலக் கேட்டான். "வெளிநாட்டுக்குப் போவுதுப்பா, நர்ஸ் வேலைக்கு" என்றேன். தூரமா என்றான். தூரம்தான் என்றேன். "அங்க அதுக்கு யாரு இருக்காங்க?" என்று கேட்டான். யாரும் இல்லை என்றேன். பாலை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டான். அப்புறம், "ரூம் மாறினா யாருகிட்டயாச்சும் சொல்லிட்டு மாறச் சொல்லுங்கம்மா. நான் அன்னிக்குப் பாப்பாகிட்ட சொல்லாம மாறிட்டேன்" என்றான். இத்தனை வருஷமாக அவன் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான், தான் சொல்லாமல் போனதால்தான் நீ வரவில்லை என்று. நான் அவனுக்கு உண்மையைச் சொல்லவில்லை. சொல்லிடறேம்பா என்றேன். சொல்லிவிட்டேன்.

அம்மா